தண்ணீர் வண்டி போன தடம்

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. ராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று ஒன்று இருக்கிறது. பெயரில்தான் பர்வதம்; போய்ப் பார்த்தால் மணல் மேடு. தீவிலேயே உயரமான இடம் அதுதான். அதை விட்டால் ஏற்றம் என்று சொல்லக் கண்மாய்க் கரைகளும் பாம்பன் பாலமும்தான் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் எனக்கு ஒரு மலைச் சைக்கிள் வந்து வாய்த்தது.

அக்காள் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது, "மாமா, சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும், ஓட்டிக்கொண்டிருங்கள்" என்று சொல்லி விட்டுப்போனான். 27.5 அங்குலச் சக்கரம், 2.1 அங்குல அகலத்தில் முரட்டு டயர், முன்னால் அமுங்கி எழும் ஃபோர்க், 24 கியர். கொடைக்கானல் சரிவில் இறங்க வேண்டிய வண்டி. அதை ஓட்டப்போகிறவனோ ராமநாதபுரத்தில் உரக்கடைக் கணக்கு எழுதும் 46 வயது ஆள்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் வீட்டில் இருந்தால்தான் அதிசயம். இந்தப் பக்கம் சைக்கிளில் சுற்ற ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் வந்து எந்த டயர், எந்த கியர் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் பனங்காட்டுக்குள் ஒரு தடம் பிரிகிறது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தத் தடத்தைப் போட்டது யார்?

நான் அதைக் கேட்காமல்தான் முதல் ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். திருப்புல்லாணி வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தார்ச்சாலை, சுகமாகப் போனேன். சேதுக்கரைச் சாலையில் திரும்பியதும் பனைகளுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை இறங்கியது. ஆட்டுக் குளம்புகள் பொடிப்பொடியாகப் பதிந்திருந்தன. ஆடு போன இடத்தில் சைக்கிள் போகாதா என்று வண்டியை விட்டேன். பனைக்கு நடுவே உடைமரம், உடைமரத்துக்கு நடுவே சீமைக் கருவேலம், எங்கோ ஒரு மயில். அரை கிலோமீட்டர் போவதற்குள் பின்சக்கரம் தொளதொளத்தது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரமும் அதே கதி. முள்ளை எண்ணினேன்: முன்னால் 7, பின்னால் 4. உடைமுள் விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும், கண்ணில் படும். சீமைக் கருவேல முள் அப்படியல்ல. மண் நிறத்தில் கிடந்து, டயர் ரப்பருக்குள் தலைவரை அமிழ்ந்துவிடும். நகத்தால் பிடித்தால் வராது. என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் வீட்டுச் சாவி.

தோளில் தொரட்டியோடு ஒரு பெரியவர் ஆடுகளுக்குப் பின்னால் வந்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்துவிட்டு, "ஆட்டுத் தடத்திலா தம்பி ஓட்டினீர்கள்?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயில் காலத்தில் இங்கே தரையில் புல் ஏது? மேய்ப்பவர் தொரட்டியால் உடைமரக் கொப்பை இழுத்து ஒடித்துப் போடுகிறார். ஆடு இலையையும் நெற்றையும் தின்றுவிட்டு முள்ளை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. ஆட்டுத் தடம் என்றாலே முள் விதைத்த தடம். ஆட்டுக்குக் குளம்பு இருக்கிறது. அவருக்கோ லாரி டயரில் வெட்டிய செருப்பு, ஒரு விரற்கடை கனத்தில். அந்தச் செருப்பைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

"அதோ, தண்ணீர் வண்டித் தடம். அதைப் பிடித்துப் போங்கள்" என்று காட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்குத் தண்ணீர் வண்டி எதுவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்புச் சட்டத்தில் குடங்கள் உட்காரும் தட்டு, கீழே சக்கரங்கள், பின்னால் தள்ளுவதற்குக் கைப்பிடி. நான்கு குடமோ ஆறு குடமோ ஏற்றலாம். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் ஆறு குடம் 90 கிலோ. இதை ஊற்றிலிருந்தோ ஊருணியிலிருந்தோ வீடு வரைக்கும் பெண்கள் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். 90 கிலோவை மணலில் தள்ளிப் பழகியவருக்கு எங்கே தரை இறுகியிருக்கிறது, எங்கே சக்கரம் புதையும் என்பது உள்ளங்காலிலேயே தெரியும். அதனால் அந்தத் தடம் நேராகப் போகாது. ஒரு பனையைச் சுற்றிக்கொண்டு, பத்தடி விலகி, மறுபடி வந்து சேரும். இந்த வளைவு எதற்கு என்று நினைத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மணலில் இறங்கித் தள்ளியதுதான் மிச்சம். முள் கிடந்தாலும் குனிந்து எடுத்து ஓரமாக எறிந்துவிட்டுத்தான் போவார்கள். பலருக்குக் காலில் செருப்பு இருக்காது.

அந்தத் தடத்தில் ஒரு மரியாதை உண்டு. அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எதிரே ஒரு வண்டி வந்தது. நான் மணி அடித்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. தள்ளி வந்த அக்கா நின்றுவிட்டார். "மணலில் நின்ற வண்டியை மறுபடி கிளப்ப நீங்களா வருவீர்கள் தம்பி?" என்றார். சைக்கிளைப் பனையில் சாய்த்துவிட்டு நான்தான் கிளப்பினேன். முதல் தள்ளலில் அசையவில்லை. இரண்டாவது தள்ளலில் குடத்துத் தண்ணீர் தளும்பி என் சட்டையில் கொட்டியது. "சிந்தாதீர்கள்" என்று அதற்கும் ஒரு திட்டு. அன்றிலிருந்து எதிரே வண்டி வந்தால் இருபதடி முன்னாலேயே இறங்கி, சைக்கிளைத் தூக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

பனையேறிகள் போட்ட தடம் வேறு மாதிரி. பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் மரத்துக்கு மரம் நடக்கிறவர்கள் என்பதால் தரை நன்றாக இறுகியிருக்கும். ஆனால் அது எந்த ஊருக்கும் போகாது. கடைசி மரத்தடியில் முடிந்துவிடும். அங்கே கருக்குமட்டை கிடக்கும். பனைமட்டையின் இரண்டு விளிம்பிலும் ரம்பம்போலக் கறுப்பாகப் பல் இருக்குமே, அந்தக் கருக்கு. முள் ட்யூபில் ஓட்டைதான் போடும். கருக்கு டயரின் பக்கவாட்டையே கிழித்துவிடும், அங்கே ரப்பர் மெல்லியது. எனக்கு ஒருமுறை இரண்டு விரற்கடை நீளம் கிழிந்து, ட்யூப் கொப்புளம்போல வெளியே பிதுங்கியது. ஒரு பத்து ரூபாய் நோட்டை நான்காக மடித்துக் கிழிசலுக்கு உட்புறம் வைத்து, ட்யூபை மேலே போட்டு, காற்றைக் குறைவாக அடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பிஸ்கட் உறை இருந்தாலும் இதே வேலையைச் செய்யும். நோட்டு பிறகு செல்லுபடியானது என்பது கூடுதல் தகவல்.

டிராக்டர் தடம் பார்க்க அகலமாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். சக்கரம் அரைத்து மணலை மாவாக்கியிருக்கும். நடுவில் மேடாக நிற்கும் பகுதியில் புல் முளைத்திருந்தால் அதில் ஓட்டலாம். இல்லையென்றால் வேறு வழி பார்ப்பது நல்லது. பொக்லைன் விட்டுச் சீமைக் கருவேலத்தை அகற்றிய கண்மாய்க் கரைக்கு ஒரு மழைக்காலம் முடியும்வரை போகவே வேண்டாம். வேரோடு பிடுங்கியது போக, நசுங்கிய கொப்புகள் மண்ணுக்குள் முள்ளோடு புதைந்திருக்கும்.

பஞ்சருக்கு நிரந்தர மருந்து இல்லை. குறைக்க வழி இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் கீழக்கரையில் பழைய சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்). என் டயரைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த தேய்ந்த சாதாரணச் சைக்கிள் டயர் ஒன்றை எடுத்தார். இரண்டு ஓரத்திலும் கம்பி ஓடும் பகுதியை வெட்டி எறிந்தார். மிஞ்சிய நடுப்பட்டையை என் டயருக்குள் சுற்றிவைத்து, அதன்மேல் ட்யூபைப் போட்டார். பட்டையின் இரண்டு முனைகளையும் கத்தியால் சீவிச் சீவித் தாள்போல மெல்லியதாக்கியதற்கு மட்டும் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் கொஞ்சம் முகப்பவுடர் தூவினார். முனையைச் சீவாமல் விட்டால் அந்த விளிம்பே ட்யூபை உரசி ஓட்டையாக்கிவிடும். பவுடர் உரசலைக் குறைக்கும். வண்டி கனத்துத்தான் போயிற்று. ஆனால் நெருஞ்சி முள் அதற்குப் பிறகு உள்ளே நுழைந்ததில்லை. வாரம் தவறாமல் ஒட்டிக்கொண்டிருந்தவன் மாதத்துக்கு ஒன்றிரண்டு என்று வந்தேன். ட்யூபுக்குள் ஊற்றினால் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தையும் பார்த்தேன். நல்லதுதான், எங்கள் சித்திரை வெயிலில் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது, காசும் அதிகம்.

அவர் சொன்ன இன்னும் இரண்டு விஷயங்களை நான் யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை. சீலன்ட் ஊற்றாத சாதாரண ட்யூபில் முள் ஏறினால், காற்று இறங்காதவரை அதைப் பிடுங்கக் கூடாது. முள்ளே அடைப்பாக நிற்கும், வீடு வரை தாங்கும். பஞ்சர் ஒட்டிய பிறகு டயரின் உட்புறத்தைக் கையால் தடவாமல் கொஞ்சம் பஞ்சால் துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முள்முனையில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். பையில் இரண்டு ட்யூப், ஒட்டும் சாமான், பம்ப் எல்லோரும் வைத்திருப்பார்கள். ஒரு சின்னக் குறடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முள்ளைப் பிடுங்க அதைவிட நல்லது எதுவுமில்லை.

மணலுக்குக் காற்றழுத்தம்தான் பாதி வித்தை. நான் 72 கிலோ. தார்ச்சாலையில் 40 பி.எஸ்.ஐ., தண்ணீர் வண்டித் தடத்தில் 25, புதைமணலில் 18 வரை இறக்குவேன். அதற்கும் கீழே போனால் வேர் மீதோ கல் மீதோ ஏறும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். மிச்சம் உடம்பில் இருக்கிறது. மணல் வருவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும், வந்த பிறகு மாற்றினால் செயின் முனகும், வண்டி நின்றுவிடும். சீட்டில் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து கைப்பிடியை இறுக்காமல் பிடித்தால் முன்சக்கரம் தானே வழி தேடிக்கொள்ளும். திருப்பவும் முன்பிரேக்கைத் தொடவும் ஆசை வரும். இரண்டில் எதைச் செய்தாலும் மணலில்தான் விழுவீர்கள், அதனால் அடிபடாது. அரியமானில் சவுக்குத் தோப்பை ஒட்டிக் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஈர மணல் பட்டையில் ஓட்டிப் பழகலாம். தரை சிமென்ட் போல இருக்கும்.

ஈரம் என்றால் எல்லா ஈரமும் அல்ல. வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களை ஒட்டி ஒரு வெட்டவெளி. மேலே உப்புப் பூத்து, அப்பளம் பொரித்ததுபோல வெள்ளையாக வறண்டு கிடந்தது. குறுக்கே போனால் நான்கு கிலோமீட்டர் மிச்சம் என்று இறங்கினேன். ஐம்பதடி வரை மொறுமொறுவென்று சத்தம், பெருமையாக இருந்தது. அப்புறம் சத்தம் நின்றது. முன்சக்கரம் அச்சுவரை இறங்கி, நான் கைப்பிடிக்கு மேலாகப் போய்க் கறுப்புக் களியில் விழுந்தேன். எழுந்திருக்கக் கையை ஊன்றினால் முழங்கைவரை உள்ளே போகிறது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த இரண்டு பேர் பலகை ஒன்றைப் போட்டு என்னை இழுத்தார்கள். பிறகு வண்டியை இழுத்தார்கள். "வெள்ளையாக இருந்தால் போகக் கூடாது, பாத்தி வரப்பில் போங்கள். அதில்தான் நாங்கள் கூடை சுமந்து நடக்கிறோம்" என்றார் ஒருவர். இங்கேயும் அதே கதைதான். சுமை தூக்கி நடக்கிறவர் தடம் வைத்திருக்கிறார். நான் அதைப் பார்க்கவில்லை.

உண்மையான நஷ்டம் மறுநாள் காலையில் தெரிந்தது. களைப்பில் வண்டியை அப்படியே சுவரில் சாய்த்திருந்தேன். செயின் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. பெடலை மிதித்தால் கதவுக் கீல் போல அழுதது. கடலோரம் போய்வந்த அன்றே ஒரு வாளி நல்ல தண்ணீர், பழைய பல்துலக்கும் தூரிகை, ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி. செயினில் கண்ணிக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே தெரிகிற எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். வழவழவென்று விட்டால் மணல் ஒட்டி உப்புத்தாள் வேலை செய்யும். சீட்டுக் கம்பியை மாதம் ஒருமுறை உருவி கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் உப்புக் காற்றில் சட்டத்தோடு சேர்ந்து இறுகிவிடும். எனக்கு இறுகியது. அறுத்துத்தான் எடுத்தார்கள்.

மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். மீனவர்களுக்குக் கச்சான், வாடை, கொண்டல், சோழகம் நான்கும் வேண்டும். சைக்கிள்காரனுக்கு முதல் இரண்டு போதும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கும் தென்மேற்குமாகக் கச்சான் வீசும். ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கு வாடை. முதல் வருடம் ஆடி மாதத்தில் தேவிபட்டினம் வழியாகத் திருப்பாலைக்குடிப் பக்கம் போனேன். பறந்தேன் என்றே சொல்லலாம், எனக்கு நல்ல கால் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். திரும்பினேன். போன நேரத்தைப்போல இரண்டரை மடங்கு ஆயிற்று. கடைசி ஐந்து கிலோமீட்டரில், நடந்து போன ஒரு பள்ளிச் சிறுவன் என்னோடு பேசிக்கொண்டே வந்தான். இப்போது ஆனி, ஆடியில் முதலில் சாயல்குடிப் பக்கம், எதிர்க்காற்றில் போகிறேன். மார்கழி, தையில் தேவிபட்டினம் பக்கம். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். பாம்பன் சாலைப் பாலத்தில் மட்டும் எந்தக் காற்றும் பக்கவாட்டில்தான் அடிக்கும். லாரி கடக்கும்போது ஒரு நொடி காற்று மறைந்து திரும்ப மோதும், அந்த நொடிக்குத் தயாராக இருங்கள்.

தனுஷ்கோடியைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. சாலையை விட்டு இறங்கினால் புதைமணல், ஏறினால் சுற்றுலா வேன்கள். தை, மாசியில் கழியில் பூநாரைகள் நிற்கும். அதற்காகப் போகலாம்.

பறவை என்றதும் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்மாய்க் கரைதான் இந்த வட்டாரத்தில் சைக்கிளுக்கு ஆகச் சிறந்த பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்லோ முண்டு மிளகாயோ. மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு வரும் இடத்தில் இறங்கி ஏறுவதில் மலை ஓட்டிய திருப்தியும் கொஞ்சம் கிடைக்கும். மேலச்செல்வனூர்க் கண்மாய்க்கு மார்கழியில் போனேன். அது பறவைகள் சரணாலயம் என்று தெரியும். கரையில் ஓட்டினால் என்ன என்று நினைத்தேன். என் பிரேக் கிறீச்சிட்ட சத்தத்தில் ஒரு கருவேல மரமே எழுந்து பறந்தது. மஞ்சள்மூக்கு நாரைகள். கூட்டில் குஞ்சுகளோ முட்டைகளோ வெயிலில் கிடக்க, அவை தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தன. மேலே காகங்களும் வந்துவிட்டன. கரையில் நின்ற காவலர் என்னைத் திட்டியதில் நியாயம் இருந்தது. இதுபோல இன்னும் பறவைக் கண்மாய்கள் இங்கே உண்டு. சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல். கார்த்திகை முதல் பங்குனி வரை இந்தக் கண்மாய்களுக்குப் போனால் வண்டியைத் தூரத்தில் பூட்டிவிட்டு நடக்கிறேன். மற்றக் கண்மாய்கள் எத்தனையோ இருக்கின்றன, ஓட்டுவதற்கு.

தண்ணீர் மூன்று லிட்டர் கையோடு கொண்டுபோங்கள். வழியில் வீட்டில் கேட்டால் முகம் சுளிக்காமல் சொம்பில் கொடுப்பார்கள், அதுதான் சங்கடம். மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் ஒவ்வொரு சிரட்டையாக மொண்டு குடம் நிரப்புவதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தால், பாட்டிலை நீட்டக் கை வராது. பங்குனி, சித்திரையில் பதநீர் கிடைக்கும். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். பட்டையின் மடிப்பு வழியாக ஒழுகுவதற்குள் குடித்துவிட வேண்டும், குளிர்ச்சியில் சுண்ணாம்பு மணம் லேசாக வரும். இரண்டு பட்டைக்கு மேல் குடித்துவிட்டு மிதிக்காதீர்கள், வயிறு குலுங்கும். காலை ஒன்பதரைக்கு மேல் நான் வெளியே இருப்பதில்லை.

போன மாதம் சேதுக்கரைச் சாலையில் அந்தப் பழைய இடத்துக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கத்துச் சிற்றூரில் இப்போது தெருக்குழாய் வந்திருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் வண்டி கவிழ்ந்து கிடந்தது, சட்டத்தில் கோழி அடைத்திருந்தார்கள். சக்கரங்களில் ஒன்றைப் பையன்கள் குச்சியால் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தடம் இன்னும் தெரிகிறது. அதே பனையைச் சுற்றி அதே வளைவு. நடுவில் மட்டும் நெருஞ்சி மஞ்சளாகப் பூத்துப் படர்ந்திருக்கிறது, ஓரத்துக் கருவேலம் இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து வருகிறது. நான் அதிலேயே போனேன். அன்று பஞ்சர் மூன்று.